கல்யாணில் வாங்கிய நாணயம், சிங்கப்பூரில் வழக்கு: கிரிப்டோவில் ஏமாந்தவர் எங்கே முறையிடுவது?

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: மும்பை புறநகர் ரயில் பாதையில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து கல்யாண் சந்திப்பு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் உள்ளது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் பல, வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, இந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் எனக் குடிபெயர்ந்தன.

ஏலச்சீட்டுப் பணம் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று இவர்களுக்குத் தெரியும். வங்கியோடு தகராறு என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பங்குத் தரகர் ஏமாற்றினால் செபி இருக்கிறது. ஆனால், வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடி கைப்பேசியில் வாங்கிய கிரிப்டோ நாணயம் ஒரு நாள் காலையில் முடக்கப்பட்டுவிட்டால் எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டமும் நேரடியாக விடை சொல்லவில்லை. அந்த நாணயத்துக்கு வரி எவ்வளவு என்பதை மட்டும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உரிமையின் கதையை நீதிமன்றங்களே எழுதி வருகின்றன.

ஒரே நாளில் ரூ. 2,000 கோடி

2024-ம் ஆண்டு ஜூலை 18-ம் தேதி, மும்பையைத் தளமாகக் கொண்ட 'வாஸிர்எக்ஸ்' கிரிப்டோ சந்தையின் மின்பெட்டகம் ஒன்றில் ஊடுருவிய கும்பல், சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களைக் கடத்திச் சென்றது. அன்றைய மதிப்பில் இது சுமார் ரூ. 2,000 கோடி. வாடிக்கையாளர்களின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 45 சதவீதம். கையாடியது வட கொரிய அரசின் பின்னணி கொண்ட கும்பல் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் கூட்டறிக்கை வெளியிட்டன.

களவு போனவை பெரும்பாலும் ஈத்தீரியமும் அதைச் சார்ந்த நாணயங்களும். ஆனால், முடக்கப்பட்டது எல்லோருடைய கணக்கும்தான். களவில் ஒரு காசும் இழக்காத நாணயத்தை வைத்திருந்தவரும் அதை எடுக்க முடியவில்லை, விற்க முடியவில்லை.

அப்போதுதான் பலருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. இந்தியாவில் இந்தச் சந்தையை நடத்தி வந்தது மும்பையின் 'ஸன்மாய் லேப்ஸ்' நிறுவனம். அதன் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவான 'ஸெட்டாய்'. இதற்கு முன்பே, 2022 ஆகஸ்டில் அமலாக்கத் துறை ஸன்மாயின் ரூ. 64.67 கோடியை முடக்கியபோது, சந்தையின் உண்மையான உரிமையாளர் யார் என்ற சச்சரவு வெடித்திருந்தது. 2019-ல் வாஸிர்எக்ஸை வாங்கிவிட்டதாக அறிவித்திருந்த 'பைனான்ஸ்' நிறுவனம், அந்தக் கொள்முதல் நிறைவடையவே இல்லை என்று கூறிவிட்டது. பணம் போட்டவர்களுக்கோ, தாங்கள் யாரிடம் போட்டோம் என்பதே தெளிவாகத் தெரியவில்லை.

களவுக்குப் பின் ஸெட்டாய் நிறுவனம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தை அணுகி, கடன்காரர்களின் நடவடிக்கையிலிருந்து இடைக்காலப் பாதுகாப்புப் பெற்றது. எஞ்சியதை எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை முன்வைத்தது. கல்யாணிலும் காஞ்சிபுரத்திலும் இருந்த வாடிக்கையாளர், சிங்கப்பூர் சட்டத்தின் கீழ் ஒரு 'கடன்காரர்' ஆனார். இணையம் வழியாக வாக்களித்தார். 2025 ஜூனில் அந்தத் திட்டத்தை ஏற்க மறுத்த நீதிமன்றம், திருத்தப்பட்ட திட்டத்துக்கு 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவு அளித்த பிறகு, அக்டோபரில் ஒப்புதல் வழங்கியது. 15 மாதங்களுக்குப் பின் அக்டோபர் 24-ம் தேதி சந்தை மீண்டும் திறந்தது. உடனே திரும்பக் கிடைக்காத பகுதிக்கு 'மீட்பு டோக்கன்' வழங்குவது ஏற்பாடு. எதிர்காலத்தில் நிறுவனம் ஈட்டும் லாபத்தையும் மீட்கும் சொத்தையும் பொறுத்ததே அதன் மதிப்பு.

இதற்கிடையே, பாதிக்கப்பட்ட 54 பேர் நமது உச்ச நீதிமன்றத்தின் கதவையும் தட்டினர். இது கொள்கை முடிவு சார்ந்த விஷயம், அரசை அணுகுங்கள் என்று கூறி 2025 ஏப்ரலில் மனுவை ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சென்னையும் மும்பையும் தந்த தீர்ப்புகள்

சந்தை மீண்டும் திறந்ததற்கு மறுநாள், அக்டோபர் 25-ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து முக்கியமான உத்தரவு ஒன்று வந்தது. சென்னையைச் சேர்ந்த பெண் ஒருவர் 2024 ஜனவரியில் ரூ. 1,98,516 செலுத்தி 3,532.30 'எக்ஸ்ஆர்பி' நாணயங்களை வாங்கியிருந்தார. களவு போன வகையில் அது சேராது. ஆயினும் அவரது கணக்கும் முடங்கியது. தமது நாணயத்துக்குப் பாதுகாப்புக் கோரி, நடுவர் தீர்ப்பாயச் சட்டத்தின் கீழ் அவர் வழக்குத் தொடர்ந்தார்.

ஒப்பந்தப்படி தகராறு சிங்கப்பூரில் தீர்க்கப்பட வேண்டியது, சென்னைக்கு அதிகாரமில்லை என்பது நிறுவனத் தரப்பின் வாதம். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. பணம் சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து சென்றது, சொத்து இந்தியாவில் இருக்கிறது, எனவே இடைக்காலப் பாதுகாப்பு வழங்க இங்கே அதிகாரம் உண்டு என்றார். கிரிப்டோ நாணயம் கைக்குச் சிக்கும் பொருளோ சட்டப்படியான செலாவணியோ அல்ல. ஆனால், அது ஒரு சொத்து, ஒருவர் அனுபவிக்கவும் மற்றொருவர் அவருக்காக அறங்காவலராக வைத்திருக்கவும் கூடிய சொத்து என்று தீர்மானித்தார். ரூ. 9.56 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் அல்லது அத்தொகையைத் தனிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அதே மாதத்தில் மும்பை உயர் நீதிமன்றமும் ஏறத்தாழ இதே திசையில் சென்றது. வாஸிர்எக்ஸில் நாணயம் வைத்திருந்த மற்றொரு கிரிப்டோ நிறுவனத்துக்குச் சாதகமாக, சுமார் ரூ. 45 கோடிக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு நடுவர் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை நீதிபதி சோமசேகர் சுந்தரேசன் உறுதி செய்தார். ஒருவரது இழப்பை எல்லோர் தலையிலும் பங்கிட்டு வைப்பதை எளிதில் ஏற்க முடியாது என்பதே இவ்விரு தீர்ப்புகளும் தரும் செய்தி.

'சொத்து' என்ற இந்த ஒரு சொல் ஏன் முக்கியம்? நாணயம் சொத்து என்றால், அதை வைத்திருந்த நிறுவனத்தை நம்பிக்கை மோசடிக்காக விசாரிக்கலாம். அதை முடக்கலாம், மீட்கலாம், வாரிசுக்குச் சேர்க்கலாம். வெறும் ஒப்பந்த உரிமை என்றால், நிறுவனம் நொடிக்கும்போது கடைசி வரிசையில் நின்று கையேந்த வேண்டியதுதான்.

எனினும், இவை இடைக்கால நிவாரணம் குறித்த உத்தரவுகள். வழக்காடும் வசதி உள்ளவருக்குக் கிடைத்தவை. இருபதாயிரம் ரூபாய் இழந்த கல்யாண்வாசி, உயர் நீதிமன்ற வழக்குச் செலவை எண்ணிப் பார்த்தாலே பின்வாங்கிவிடுவார்.

நாடாளுமன்றத்துக்கு வராத மசோதா

கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6-ம் தேதி சுற்றறிக்கை வெளியிட்டது. 2020 மார்ச் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு, ஆனால் தடையின் கடுமைக்கு ஈடான பாதிப்பு எதுவும் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

பந்து அப்போதே நாடாளுமன்றத்தின் பக்கம் வந்துவிட்டது. 2019-ல் சுபாஷ் சந்திர கர்க் குழு, தனியார் கிரிப்டோ நாணயங்களை முற்றாகத் தடை செய்யவும் மீறுவோருக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கவும் பரிந்துரைத்து, வரைவு மசோதாவையும் தந்திருந்தது. 2021-ல் பட்ஜெட் கூட்டத்தொடரின் அலுவல் பட்டியலில் ஒரு கிரிப்டோ மசோதா இடம்பெற்றது. குளிர்காலத் தொடரின் பட்டியலிலும் அதே மசோதா மீண்டும் இடம்பெற்றது. அந்த நவம்பரில், ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித் துறை நிலைக்குழு, கிரிப்டோ தொழில்துறையினரை அழைத்துக் கருத்துக் கேட்டது. ஆனால் மசோதா இரு அவைகளிலும் அறிமுகம்கூட ஆகவில்லை.

சட்டம் வருவதற்கு முன் வரி வந்துவிட்டது. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் அமலானது. ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்தம் செய்வது ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாணயத்தில் ஏற்பட்ட நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. வரி கட்டுவதால் தொழில் சட்டபூர்வமாகிவிட்டதாகப் பொருளில்லை என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது.

அதே ஜூலையில், விடுதலைச் சிறுத்தைகள் கட்சி எம்.பி. தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்பிய கேள்விக்கு, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எழுத்துபூர்வமாகப் பதிலளித்தார். கிரிப்டோவைத் தடை செய்ய வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கியின் கருத்து. ஆனால், இந்த நாணயங்களுக்கு எல்லை கிடையாது. சர்வதேச ஒத்துழைப்பு இருந்தால்தான் ஒழுங்குமுறையோ தடையோ பயன் தரும் என்பது அந்தப் பதில். அதன் பிறகு வந்த பதில்களும் பெரும்பாலும் இதே தடத்தில்தான் நடக்கின்றன.

வசூல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. கிரிப்டோ லாபத்தின் மீதான வரியாக 2022-23-ல் ரூ. 269.09 கோடியும், 2023-24-ல் ரூ. 437.43 கோடியும் கிடைத்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்துள்ளது. முன்கூட்டிப் பிடித்தம் செய்த வரி மட்டும் 2024-25-ல் ரூ. 511.83 கோடி. அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை மகாராஷ்டிரத்திலிருந்து வந்தது. இழந்தவர்கள் எத்தனை பேர், மீட்கப்பட்ட தொகை எவ்வளவு என்பதற்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது.

2023 மார்ச் 7-ம் தேதி, கிரிப்டோ சந்தைகள் கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைத் தெரிவிக்க வேண்டும். விதிமீறலுக்காக பைனான்ஸ் நிறுவனத்துக்கு 2024 ஜூனில் ரூ. 18.82 கோடி அபராதமும் விதிக்கப்பட்டது. ஆனால், இந்தப் பதிவு அரசின் கண்காணிப்புக்கானது. முதலீட்டாளரின் பணத்துக்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. 'அரசிடம் பதிவு பெற்றது' என்ற விளம்பரத்தைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிவதில்லை.

மோசடித் திட்டங்கள் வேறு வகை

சந்தையில் களவு போவது ஒரு வகை. நாணயத்தின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுவது மற்றொரு வகை. கல்யாணையும் உள்ளடக்கிய தாணே காவல் ஆணையரகத்துக்கு இது புதிதல்ல. 'மணி டிரேட் காயின்' என்ற பெயரில் சுமார் ரூ. 500 கோடி அளவுக்கு மோசடி நடந்ததாக 2018 ஜூனிலேயே தாணே போலீஸார் வழக்குப் பதிந்தனர்.

இவற்றுக்கெல்லாம் பெரியது 'கெயின்பிட்காயின்'. 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டம், பிட்காயின் தந்தால் 18 மாதங்களுக்கு மாதம் 10 சதவீதம் லாபம் என்று ஆசை காட்டியது. பின்னர் பிட்காயினுக்குப் பதிலாகத் தாங்களே உருவாக்கிய மதிப்பில்லாத நாணயத்தைத் தந்தனர். 2017-ல் மட்டும் ரூ. 6,600 கோடி மதிப்புள்ள பிட்காயின்கள் திரட்டப்பட்டதாக அமலாக்கத் துறை கூறுகிறது. 2018-ல் புணே போலீஸாரால் கைதான முக்கியப் புள்ளி அமித் பரத்வாஜ், 2022 ஜனவரியில் இறந்துவிட்டார். பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த வழக்குகள் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சிபிஐ வசம் வந்தன. 2025 பிப்ரவரியில் 60-க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்த சோதனையில் கிடைத்த கிரிப்டோவின் மதிப்பு ரூ. 23.94 கோடி. திரட்டியதாகக் கூறப்படும் தொகையோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வழக்கில் நடந்த கிளைக் கதை வேதனையானது. நாணயங்களை மீட்பதற்காகப் புணே போலீஸார் உதவிக்கு அழைத்த இரு இணைய நிபுணர்களே, மின்பெட்டகங்களில் கிடைத்த பிட்காயின்களில் ஒரு பகுதியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டதாக 2022 மார்ச்சில் கைதாயினர். அவர்களில் ஒருவர் முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி. கைப்பற்றிய தங்கத்தைக் கருவூலத்தில் வைக்க விதி உண்டு. கைப்பற்றிய பிட்காயினின் மறைக் குறியீட்டை யார் கையில் வைப்பது என்பதற்கு அன்று உறுதியான நடைமுறை இருக்கவில்லை.

இருக்கும் சட்டங்கள் எவை?

இத்தகைய திட்டங்களுக்கு எதிராகப் பழைய சட்டங்களே இன்று கைகொடுக்கின்றன. நிதி நிறுவன மோசடிகளால் தமிழகம் தத்தளித்தபோது, 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதைப் பின்பற்றி 1999-ல் மகாராஷ்டிரமும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழகச் சட்டம் செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மகாராஷ்டிரச் சட்டத்துக்கும் வலுச் சேர்த்தது. மோசடிக்காரரின் சொத்தை அரசு முடக்கி, தனி நீதிமன்றத்தின் மூலம் விற்று, பணம் போட்டவர்களுக்குப் பகிர்ந்தளிக்க இச்சட்டங்கள் வழிசெய்கின்றன.

மகாராஷ்டிரச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பணம் பெறுவது மட்டுமல்ல, 'மதிப்புள்ள பண்டம்' எதையும் பெறுவதும் அங்கே வைப்புத்தொகையாகும். தேசிய ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் வழக்கில் 2022 ஏப்ரலில் இந்த விளக்கத்துக்கு விரிவான பொருள் தந்தது உச்ச நீதிமன்றம். ரொக்கம் வாங்கவில்லை, பிட்காயின்தான் வாங்கினோம் என்று தப்பிக்க நினைப்பவருக்கு எதிராக இந்தச் சொற்கள் பயன்படக்கூடும். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த சட்டமோ 'பணம்' என்பதையே மையமாக வைத்து எழுதப்பட்டுள்ளது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-வது பிரிவும் கவனிக்கத்தக்கது. குற்றத்தின் மூலம் ஈட்டிய சொத்தை நீதிமன்றம் முடக்கி, மாவட்ட மாஜிஸ்திரேட் மூலம் 60 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தளிக்க அது இடமளிக்கிறது. வழக்கு முடியும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், பகிர்ந்தளிக்கச் சொத்து உள்நாட்டில் சிக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

மோசடி எனத் தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் 1930 என்ற எண்ணை அழைப்பது. ரூபாய் இன்னும் ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கில் இருந்தால் அதை அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரூபாய் நாணயமாக மாறி, அந்த நாணயம் வெளிநாட்டு மின்பெட்டகத்துக்குப் போய்விட்டால், தடம் தெரியுமே தவிர கைக்கு எட்டாது.

எந்தக் காவல் நிலையத்திலும் எல்லைத் தகராறு பேசாமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது புதிய சட்டத்தின் விதி. மின்னணு முறையில் புகார் தந்தால் மூன்று நாள்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். பரிவர்த்தனை எண், மின்பெட்டக முகவரி, வங்கிக் கணக்கு அறிக்கை, உரையாடல்களின் படப்பிரதி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். ஏமாந்த வெட்கத்தில் செயலியையே நீக்கிவிடுபவர், சாட்சியத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்.

குற்றமற்றவருக்கும் ஆபத்து உண்டு. சந்தையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாணயத்தை நேரடியாக விற்று, வங்கிக் கணக்கில் பணம் பெறுகிறார் ஒருவர். அந்தப் பணம் வேறு எங்கோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், தொலைதூர மாநிலத்துப் போலீஸாரின் கடிதத்தால் அவரது கணக்கு முடங்கிவிடும். சம்பளமும் அதில்தான் வருகிறது என்றால் குடும்பமே தவித்துப்போகும்.

இரண்டாவது முறை ஏமாறுவது

'இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்' என்று கிளம்பியிருக்கும் கூட்டம் இன்னொரு ஆபத்து. வழக்கறிஞர் என்றும், அரசு அதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு, ஏமாந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே தொடர்பு கொள்கின்றனர். முன்பணம், வரி, நீதிமன்றக் கட்டணம் என்று வரிசையாகக் கறக்கின்றனர். போலிச் சட்ட நிறுவனங்கள் குறித்து அமெரிக்காவின் எஃப்பிஐ 2024 ஜூனில் எச்சரிக்கையே வெளியிட்டது. பதிவான பரிவர்த்தனையைப் பின்னோக்கித் திருப்ப எந்த மென்பொருளாலும் முடியாது. நாணயம் ஏதேனும் ஒரு சந்தைக்குள் நுழையும்போது, போலீஸாரோ நீதிமன்றமோ அதை முடக்குவதே நடைமுறையில் உள்ள வழி. அதற்கு முன்பணம் கேட்பவர் எவரும் தேவையில்லை.

உலகம் எங்கே நிற்கிறது?

சட்டம் உள்ள நாடுகளிலும் மீட்பு எளிதல்ல. 2014-ல் டோக்கியோவின் 'மவுண்ட் காக்ஸ்' சந்தை வீழ்ந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பிட்காயின் திரும்பத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். 2022 நவம்பரில் நொடித்த 'எஃப்டிஎக்ஸ்' சந்தையின் வாடிக்கையாளர்களுக்கு 2025-ல் பணம் வந்தது. ஆனால், நொடித்த நாளின் தாழ்ந்த விலையில் கணக்கிடப்பட்டது. இழந்தது நாணயமா, அன்றைய மதிப்பா என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லாவிட்டால், விலை ஏறிய பலன் யாருக்குப் போகும் என்பதும் தகராறுதான். இதை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தனது கிரிப்டோ ஒழுங்குமுறையை முழுமையாக அமல்படுத்தியது. கிரிப்டோவும் சொத்தாகலாம் என்று 2025 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

இந்திய நாடாளுமன்றம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வாடிக்கையாளரின் நாணயம் அவருக்கே உரிய சொத்து, நிறுவனத்தின் இருப்போடு கலக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. தகராறு இந்தியாவிலேயே விசாரிக்கப்படும் என்று ஒரு பிரிவு. முறையிட ஒரு குறைதீர்ப்பாளர். போலீஸார் கைப்பற்றும் நாணயத்தை யார், எங்கே வைப்பது என்று ஒரு விதி. கிரிப்டோ தேவையா, தடை செய்ய வேண்டுமா என்ற விவாதம் தொடரலாம். தடையை ஆதரிப்பவர்கூட இந்த நான்கையும் எதிர்க்கக் காரணமில்லை. சர்வதேச ஒத்துழைப்புக்காகக் காத்திராமல் வரி விதிக்க முடிந்த அரசுக்கு, இதையும் செய்ய முடியும்.

அதுவரை, கல்யாணிலிருந்து மும்பைக்கு ரயிலேறும் அந்த முதலீட்டாளர் தமது நாணயத்தை விற்கும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒரு ரூபாய் அரசின் கணக்கில் போய்ச் சேரும். அதற்கான ரசீது அவரிடம் இருக்கும். களவு போனால், அந்த ரசீதை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுவது என்பதை மட்டும் நாடாளுமன்றம் இன்னும் சொல்லவில்லை.